டோஜின்ஷி கதாபாத்திரங்கள்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

அனிமே பார்க்கிற நண்பர்களிடம் "அவ ஒரு ட்சுண்டெரே" (அர்த்தம் 4ஆம் பதிலில்) என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். டோஜின்ஷி, அதாவது ஜப்பானில் ரசிகர்கள் சொந்தமாக அச்சிடும் இதழ்கள் பற்றி அன்று தொடங்கிய கேள்விகள் இன்னும் நிற்கவில்லை. ஆள்தான் மாறுகிறார்கள், சந்தேகம் அதேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே போட்டுவிடுகிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

1. டோஜின்ஷின்னா "அந்த மாதிரி" புத்தகம்தானே? வீட்ல வச்சிருக்கலாமா?

அந்த மாதிரிப் புத்தகங்களும் உண்டு. அவற்றின் அட்டையிலேயே 18 வயது என்று போட்டிருக்கும், விற்கிறவர்களும் சந்தேகம் வந்தால் வயதைக் கேட்பார்கள். ஆனால் சிரிப்புக் கதை, அழுகைக் கதை, சமையல் குறிப்பு, ரயில் பயணக் குறிப்பு என்று எதை வேண்டுமானாலும் டோஜின்ஷியாகப் போடலாம், போடுகிறார்கள். 'டோஜின்' என்றால் ஒரே ஈடுபாடு உள்ளவர்கள், 'ஷி' என்றால் இதழ். 1885இல் டோக்கியோவில் சில இளம் எழுத்தாளர்கள் சேர்ந்து 'கராகுதா புங்கோ' என்ற இதழைத் தொடங்கினார்கள். முதலில் கையால் எழுதித் தங்களுக்குள் சுற்றுக்கு விட்டார்கள், பிறகுதான் அச்சு. நம் ஊர்ச் சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது.

இந்தப் பக்கத்தில் நான் பேசுவது அதில் ஒரு பிரிவைப் பற்றி மட்டும். ஏற்கெனவே இருக்கிற மாங்கா (ஜப்பானியப் படக்கதை), அனிமே, கேம் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் வரைந்து, சொந்தக் காசில் அச்சிடும் படக்கதைகள். ஜப்பானில் இதை 'நிஜி சோசாகு' என்பார்கள். இரண்டாம் படைப்பு என்று பொருள்.

2. யார் வரையறாங்க? எங்க விக்கிறாங்க?

பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் வரைகிறவர்கள்தான் பெரும்பாலும். தனியாள் என்றாலும் 'சர்க்கிள்' என்றுதான் பெயர். விற்பனைக்குப் பேர்போன இடம் காமிக்கெட் என்ற டோஜின்ஷிச் சந்தை. முதல் கூட்டம் 1975 டிசம்பர் 21 அன்று டோக்கியோவின் தோரனோமோன் பகுதியில் நடந்தது. 32 சர்க்கிள்கள், சுமார் 700 பேர், அதிலும் பெரும்பாலானவர்கள் ஷோஜோ மாங்கா (பெண் பிள்ளைகளுக்கான படக்கதை) படிக்கும் பள்ளி மாணவிகள். 2019 டிசம்பரில் நான்கு நாளில் வந்தவர்கள் சுமார் 7,50,000 பேர். ஆண்டுக்கு இரண்டு முறை, ஆகஸ்டிலும் டிசம்பரிலும், டோக்கியோ பிக் சைட் வளாகத்தில் நடக்கிறது.

ஒரு சர்க்கிளுக்குக் கிடைப்பது பாதி மேசை, 90 சென்டிமீட்டருக்கு 45 சென்டிமீட்டர். அந்த இடத்தில்தான் புத்தக அடுக்கு, விலைப்பட்டியல், சில்லறை டப்பா எல்லாம். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: காமிக்கெட்டின் பேச்சில் 'வாடிக்கையாளர்' கிடையாது. விற்கிறவர், வாங்குகிறவர், வரிசையை ஒழுங்குபடுத்துகிற தன்னார்வலர் எல்லோருமே 'பங்கேற்பாளர்'. அடுத்த கேள்விக்கு இது தேவைப்படும்.

3. எதை எடுத்தாலும் அதே நாலஞ்சு மாதிரி ஆளுங்கதான் வர்றாங்க. வரையறவங்களுக்குக் கற்பனை வறட்சியா?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்டது இதுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரணமான ஒரு டோஜின்ஷி 24 பக்கம். ஜப்பானிய அச்சகங்கள் அட்டையின் நான்கு பக்கங்களையும் சேர்த்தே எண்ணும், மீதி 20. உள்தலைப்புக்கு ஒன்று, பின்னுரைக்கு ஒன்று, அச்சு விவரத்துக்கு ஒன்று போனால் கதைக்கு 17. பதினேழு பக்கத்தில் இரண்டு பேரை அறிமுகப்படுத்தி, அவர்கள் பின்னணி சொல்லி, சிக்கலைக் கொண்டுவந்து முடிக்க யாராலும் முடியாது. நல்லவேளையாக, முடிக்கத் தேவையும் இல்லை. மேசைக்கு முன்னால் நிற்கிறவருக்கு அந்த இருவரையும் வரைந்தவருக்குத் தெரிகிற அளவுக்கே தெரியும். அதனால்தான் அவரும் பங்கேற்பாளர்.

நம் அகப்பாடல்களை நினைத்துக்கொள்ளுங்கள். தலைவன், தலைவி, தோழி, செவிலி என்று திரும்பத் திரும்ப வரும் சில ஆட்கள்தான். பெயர்கூடக் கிடையாது. 'தோழி கூற்று' என்று பார்த்த உடனே பாதிக் கதை நமக்குள் ஓடிவிடுகிறது, மீதி எட்டு வரியில் கவிஞர் தன் வேலையைக் காட்டுகிறார். அதைக் கற்பனை வறட்சி என்று யாரும் சொல்வதில்லை.

இன்னொன்று. நாம் பாத்திர வார்ப்பு என்றால் ஒரு ஆளின் குணம் என்று நினைக்கிறோம்: கோபக்காரி, அமைதியானவன், அசடு. டோஜின்ஷியில் வார்ப்பு ஒரு ஆளிடம் இருப்பதில்லை, இரண்டு பேருக்கு நடுவில் இருக்கிறது. அவள் யாரிடம் மட்டும் கோபப்படுகிறாள், அவன் யார் வந்தால் மட்டும் வாய் திறக்கிறான் என்பதைத்தான் வரைகிறார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகள் தாமாகவே கரைந்துவிடும்.

4. ட்சுண்டெரே, யாண்டெரே, கூடெரே... தலை சுத்துது. ஒரு தடவை தெளிவா சொல்லுங்களேன்.

எல்லாவற்றுக்கும் வால் ஒன்றுதான். 'டெரே டெரே' என்றால் காதலில் குழைந்து வழிவது. தலைதான் மாறும். 'ட்சுன் ட்சுன்' என்றால் முறைத்துக்கொண்டு இருப்பது. முறைப்பும் குழைவும் சேர்ந்தால் ட்சுண்டெரே. 'யாண்டெரே'யின் முன்பாதி 'நோயுற்ற' என்ற பொருள் உள்ள வினையிலிருந்து வந்தது. காதல் முற்றி மனம் பிசகியவர், சில கதைகளில் கையில் கத்தியும் இருக்கும். 'கூடெரே'யில் இருப்பது கூல் என்ற ஆங்கிலச் சொல், முகத்தில் உணர்ச்சியே காட்டாதவர். 'டண்டெரே'யில் இருப்பது மௌனம்.

கூடெரேவுக்கும் டண்டெரேவுக்கும் என்ன வித்தியாசம் என்று அடுத்த நிமிடமே கேட்பீர்கள். கூடெரே பேசத் தேவையில்லை என்பதால் பேசமாட்டார். டண்டெரே பேச ஆசைப்பட்டும் கூச்சத்தால் பேசமாட்டார். இதற்குமேல் பிரித்துக்கொண்டே போகும் பட்டியல்கள் இணையத்தில் நிறைய உண்டு. அவற்றில் பாதி ஜப்பானில் யாரும் புழங்காத சொற்கள்.

5. ட்சுண்டெரேன்னா எப்பவும் கத்திக்கிட்டே இருக்கிற பொண்ணு, அவ்வளவுதானே?

பெண்தான் என்று கட்டாயம் இல்லை, முதலில் அது. 2000களின் தொடக்கத்தில் ஜப்பானிய இணையத்தில் இந்தச் சொல் பரவியபோது, ஆரம்பத்தில் முறைத்துக்கொண்டு இருந்தவர் கதை போகப் போகக் கனிவதைக் குறிக்கவும் அது புழங்கியது. அதற்குக் காலம் வேண்டும், பல மணி நேரம் ஓடும் கேமில் அந்தக் காலம் உண்டு. பதினேழு பக்கத்தில் எங்கே போவது? ஆகவே டோஜின்ஷியில் முறைப்பும் குழைவும் ஒரே காட்சிக்குள் மாறி மாறி வரும். மதியச் சாப்பாட்டு டப்பாவை முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டுவாள். "உ...உனக்காக ஒண்ணும் செய்யல. மிஞ்சிப்போச்சு, அதான்." அடுத்த கட்டத்தில் அவள் விரலில் மூன்று பிளாஸ்திரி ஒட்டியிருப்பது தெரியும். விடியற்காலையில் எழுந்து காய் நறுக்கியிருக்கிறாள் என்று யாரும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

6. அக்கா, அ×ஆ ன்னாலும் ஆ×அ ன்னாலும் அதே ரெண்டு பேர்தானே? ஏன் அடிச்சுக்கிறாங்க?

அதே ரெண்டு பேர் இல்லை! ஜோடியின் பெயரை எழுதும்போது நடுவில் போடும் பெருக்கல் குறியை 'காகேரு' என்று படிப்பார்கள். கணக்கில் இடம் மாறினாலும் விடை மாறாது, இங்கே மாறும். இடப்பக்கம் இருப்பவர் 'செமே', முன்கை எடுப்பவர். வலப்பக்கம் இருப்பவர் 'உகே', ஏற்பவர். இரண்டும் தற்காப்புக் கலைகளில் தாக்குதலுக்கும் தடுப்புக்கும் உள்ள சொற்கள். ஆண்-ஆண் காதல் கதைகளில்தான் இது அழுத்தமாகப் புழங்குகிறது.

படுக்கையறை விஷயம் மட்டும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முத்தமே இல்லாத டோஜின்ஷியின் அட்டையிலும் இந்த வரிசை இருக்கும். யார் முதலில் காதலைச் சொல்வார், யார் பொறாமையை மறைப்பார், சண்டை வந்தால் யார் வீட்டுக் கதவை யார் தட்டுவார் என்பதையெல்லாம் அந்த வரிசை சொல்லிவிடுகிறது. வரிசையைத் திருப்பினால் இரண்டு பேரையும் பற்றிய கருத்தே திரும்பிவிடும். 'இரண்டு விதமாகவும் எனக்குச் சரி' என்கிறவர்களுக்கு 'ரிபா' என்று தனிச்சொல் உண்டு. அவர்களை இரு தரப்புமே கொஞ்சம் சந்தேகமாகத்தான் பார்க்கும்.

7. உயரமா, கறுப்பு முடியோட, கண்ணாடி போட்டவன்தான் செமேன்னு கண்டுபிடிச்சேன். சரிதானே?

1990கள் வரை இந்த விதியை வைத்துக்கொண்டு ஓரளவு சமாளித்திருக்கலாம். இப்போது ஏமாந்துபோவீர்கள். எதிர்பார்ப்பு உறுதியாக இருப்பதால்தான் அதை உடைப்பதில் சுவை. 'ஹெதாரே செமே' என்றால் முன்கை எடுக்க வேண்டியவனே தொடை நடுங்கி. 'தோஷிஷிதா செமே' வயதில் இளையவன். 'சாசோய் உகே' என்பவர் ஏற்பவர்தான், ஆனால் காயை நகர்த்துவதெல்லாம் அவர்தான். 'ஒரேசாமா' என்றால் தன்னைத்தானே மகாராஜா என்று நினைத்துக்கொண்டிருப்பவன். பணம், அழகு, பொறுமை, சமையல் எல்லாம் சேர்ந்த ஆள் 'சுபாதாரி'. சூப்பர் டார்லிங் என்பதைச் சுருக்கி ஆக்கிய சொல்.

எனக்குப் பிடித்தது ஹெதாரேதான். சுபாதாரி கதைகளில் எனக்கு நான்காம் பக்கத்திலேயே கொட்டாவி வந்துவிடுகிறது. மன்னிக்கவும்.

8. மூலக் கதையில ஒருத்தனையொருத்தன் முறைச்சுக்கிற ரெண்டு பேர் எப்படி இங்க காதலர் ஆனாங்க?

1980களின் நடுவில் நடந்ததைச் சொன்னால் புரியும். 'கேப்டன் சுபாசா' என்ற கால்பந்து மாங்கா 1981இல் சிறுவர் வார இதழில் தொடங்கியது. பையன்கள் பந்து உதைக்கிறார்கள், தோற்றால் அழுகிறார்கள், அவ்வளவுதான் கதை. அதை எடுத்துக்கொண்ட பெண் ரசிகர்கள் வரைந்து குவித்த டோஜின்ஷிகளால் காமிக்கெட்டே வீங்கிப்போனது. அதில் பெரிய ஜோடி கோஜிரோ ஹ்யூகாவும் அவன் அணியின் கோல்கீப்பர் கென் வாகாஷிமாசுவும். பெயர்களை ஒட்டி 'கோஜிகென்' என்பார்கள். முன்னால் இருப்பது யார் என்று 6ஆம் பதிலைப் படித்தவர்களுக்குத் தெரியும்.

மூலத்தில் இவர்கள் வீட்டில் என்ன செய்கிறார்கள், இரவில் என்ன யோசிக்கிறார்கள் என்பதெல்லாம் கிடையாது. கிடைப்பது மைதானத்தில் ஒரு பார்வை, ஒரு அதட்டல், தோளில் ஒரு தட்டல். ஒருவன் மற்றவனைத் தவிர வேறு யாரையும் பார்ப்பதில்லை என்றால், அது பகையாக இருந்தாலும் நட்பாக இருந்தாலும் தீவிரம்தான். ரசிகை அந்தத் தீவிரத்தை அப்படியே வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றுகிறாள். எதிரி, கூட்டாளி, சின்ன வயதுச் சிநேகிதன், முன்னாள் எதிரி இந்நாள் கூட்டாளி என்று டோஜின்ஷிக்குப் பிடித்த உறவுகள் எல்லாவற்றிலும் இந்த விடாத பார்வை இருக்கும்.

9. யாஓய்ங்கிற வார்த்தைக்கே "அர்த்தம் இல்லாதது"ன்னு அர்த்தமாமே? யாரோ திட்டினதா?

தங்களைத் தாங்களே கிண்டல் செய்துகொண்டது. 'யாமா நாஷி, ஒச்சி நாஷி, இமி நாஷி': உச்சக்கட்டம் இல்லை, முடிச்சு இல்லை, பொருள் இல்லை. மூன்றின் முதலெழுத்துகள் சேர்ந்து யாஓய். 1979இல் 'ரப்போரி' என்ற டோஜின்ஷி யாஓய் சிறப்பிதழ் என்றே ஒன்றைப் போட்டது. மேலே சொன்ன கால்பந்து அலையின் காலத்தில்தான் ஆண்-ஆண் கதைகளுக்கு அந்தப் பெயர் கெட்டியாக ஒட்டியது. 'ஃபுஜோஷி'யும் இதே ஜாதிதான். 'பெண்மணிகள்' என்ற சொல்லில் ஒரு எழுத்தை மட்டும் மாற்றி, அதே உச்சரிப்பில் 'அழுகிப்போன பெண்' ஆக்கியது. வாசகிகளே அதைத் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள்.

10. ஏன் எல்லாக் கதையிலும் யாருக்காவது காய்ச்சல் வருது?

சிரிக்காதீர்கள், நியாயமான கேள்வி. 'கான்ப்யோ', அதாவது நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் கதை, தனி வகையாகவே இருக்கிறது. எப்போதும் திடமாக நிற்கிற ஆள் பள்ளிக்கு வரவில்லை. ஆசிரியர் கொடுத்த தாள்களைக் கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில் மற்றவன் வீட்டுக்குப் போகிறான். வீட்டில் பெரியவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள், இருக்கவும் கூடாது. வெப்பமானியில் 38.5. நெற்றியில் குளிர்ச்சிப் பட்டை. சமையல் தெரியாதவன் ஒகாயு கஞ்சி வைக்கிறான், நடுவில் ஒரு உமேபோஷி (உப்பில் ஊறிய புளிப்புப் பழம்), சிவப்பாக. ஆப்பிளை முயல் காது வடிவத்தில் நறுக்கப் பார்த்து, ஒரு காதை ஒடித்துவிடுகிறான்.

அந்த ஒடிந்த காது தனிக் கட்டமாக வரும், அருகே வசனம் இருக்காது. பிறகு கிளம்ப எழுகிறவனின் சட்டை நுனியைத் தூக்கத்தில் ஒரு கை பிடிக்கும். ட்சுண்டெரே, கூடெரே போன்றவர்களின் கவசத்தைக் கழற்ற ஏதாவது ஒரு வழி வேண்டும். காய்ச்சல் அதை இரண்டு பக்கத்தில் செய்துவிடுகிறது, யார் மீதும் பழி இல்லாமல். மறுநாள் "நேத்து நான் ஏதாச்சும் உளறினேனா?" என்று கேட்டால் "இல்லையே" என்று பதில் வரும். மழையில் ஒரே குடை, வெந்நீரூற்று விடுதியில் ஒரே அறை, கடைசி ரயில் போய்விட்டது, எல்லாமே இந்த வேலையைச் செய்கிற கருவிகள்தான்.

11. சாமுராய் காலத்து ஆளுங்க திடீர்னு காபி கடையில வேலை பாக்குறாங்க. பக்கம் மாறிப்போச்சா?

அது 'பாரோ'. பரோடி என்பதைச் சுருக்கியது, கேலி என்ற பொருள் இங்கே இல்லை. பள்ளிக்கு மாற்றினால் 'காகுபாரோ', இன்றைய காலத்துக்கு மாற்றினால் 'கென்பாரோ', மறுபிறவியாக்கினால் 'தென்செய் பாரோ'. இடம், காலம், உடை எல்லாவற்றையும் உருவிவிட்டாலும் அந்த இருவருக்கு நடுவில் இருப்பது மிஞ்சுகிறதா என்று சோதித்துப் பார்ப்பது. 3ஆம் பதிலில் சொன்னதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மறுபிறவிக் கதைகளில் ஒருவருக்கு மட்டும் முற்பிறவி நினைவிருக்கும், மற்றவருக்கு இருக்காது. மூலக் கதையில் யாராவது செத்துப்போயிருந்தால் அடுத்த மாதமே இந்த வகை பெருகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

12. மூலத்துல இல்லவே இல்லாத குணம் எல்லா டோஜின்ஷியிலும் ஒரே மாதிரி வருதே. கூடிப் பேசி முடிவு பண்ணுவாங்களா?

கூட்டம் எல்லாம் இல்லை. ஒருவர் வரைந்தது இன்னொருவருக்குப் பிடித்துப்போகிறது, அவ்வளவுதான். 'தோஹோ' என்ற கேம் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவே டோஜின் கேம்தான், ஒருவரே ஆக்கியது. 2002இல் வந்த பாகத்தில் மாளிகை வாசலைக் காக்கிறவள் ஹாங் மெய்லிங், கத்தி வீசும் தலைமைப் பணிப்பெண் சகுயா. இருவருக்கும் கேமில் இருப்பது கைவிட்டு எண்ணும்படியான வசனங்கள். ரசிகர் படக்கதைகளிலோ மெய்லிங் எப்போதும் வாசலில் தூங்குவாள், சகுயாவின் கத்தி நெற்றியில் குத்திக்கொண்டு நிற்கும், ரத்தம் வழிய "தூங்கலையே" என்பாள். காவல் இருந்தும் ஆட்கள் உள்ளே புகுந்துவிடுகிறார்களே, ஏன்? தூங்கியிருப்பாள். ஓட்டைக்குக் கிடைத்த விளக்கம்தான் குணமாகிவிட்டது.

இன்னும் வேடிக்கை 'காண்டாய் கலெக்ஷன்', 2013இல் தொடங்கிய கேம். போர்க்கப்பல்களைப் பெண்களாக வரைந்தது. அதில் 'அகாகி' என்ற விமானந்தாங்கிக் கப்பலைப் பயன்படுத்தினால் பாக்சைட் (கேமில் சேர்த்து வைக்கும் கையிருப்புகளில் ஒன்று) மளமளவென்று கரையும். அது வெறும் எண்ணிக்கை. ரசிகர்கள் அந்த எண்ணை வாயாக்கினார்கள்: அகாகி பெருந்தீனிக்காரி. கம்பீரமான வில்லாளிப் பெண் கன்னம் புடைக்கச் சோறு தின்கிற படங்கள் குவிந்தன. 2015இல் அதிகாரபூர்வ அனிமே வந்தபோது அதிலும் அவள் முன்னால் மலைபோல் சோறு. இப்படி ரசிகர்கள் சேர்த்த குணங்களுக்கு 'நிஜி செத்தெய்' என்று பெயர்.

13. அப்ப மூலம் எது, ரசிகர் கட்டினது எதுன்னு எப்படிப் பிரிக்கிறது?

மூலத்தைப் படியுங்கள், வேறு வழி இல்லை. டோஜின்ஷிகள் வழியாகவே ஒரு பாத்திரத்தை அறிந்து, பிறகு மூலத்துக்குப் போய் "இவ ஏன் தூங்கவே இல்ல?" என்று ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும். நானும் ஒருத்தி.

14. முகமே வரையாத ஒரு ஆள் அடிக்கடி வர்றாரே, வரைய மறந்துட்டாங்களா?

அவர் நீங்கள்தான். விளையாடுகிறவரே கதைக்குள் ஒரு ஆளாக இருக்கும் கேம்களில் அவருக்கு முகம் கொடுத்தால் வாசகர் வெளியே நிற்க வேண்டியதாகிவிடும். 'ஐடல்மாஸ்டர்' கேமில் விளையாடுகிறவர்தான் பாடகிகளின் தயாரிப்பாளர். அதன் ரசிகர் படக்கதைகளில் அந்தத் தயாரிப்பாளரின் தலை இருக்க வேண்டிய இடத்தில் பி என்ற ஆங்கில எழுத்தை மட்டும் வரைந்துவிடுவார்கள். கோட்டும் டையும் போட்ட உடம்பு, கழுத்துக்கு மேல் ஒரு எழுத்து. அதற்கு வியர்வையும் வழியும், வெட்கமும் வரும்.

முகம் இல்லாத இன்னொரு ஆள் 'மொபு', கூட்டத்தில் ஒருவர். பக்கத்து மேசை மாணவி, காபி கடைக்கு வந்தவர். "அந்த ரெண்டு பேரும் சேந்தாச்சா இல்லையா?" என்று முணுமுணுப்பது அவர் வேலை. வாசகரின் இன்னொரு வேஷம்.

15. பூனைக் காது, மணி, பணிப்பெண் உடை... இதையெல்லாம் ஒட்ட வச்சா பாத்திரம் ஆயிடுமா?

ஆகிவிடும் என்று சொல்லிப் புகழ் பெற்றவர் ஜப்பானிய விமர்சகர் ஹிரோகி அசுமா. 2001இல் வந்த தன் நூலில், ஒட்டாகுக்கள் (அனிமே, மாங்கா, கேம் தீவிர ரசிகர்கள்) கதையை நுகர்வதில்லை, பொதுக் கிடங்கு ஒன்றில் குவிந்திருக்கும் கவர்ச்சிக் கூறுகளைத்தான் நுகர்கிறார்கள் என்றார். அவர் எடுத்துக்காட்டியது டெஜிகோ என்ற பாத்திரம். 1998இல் ஒரு கடையின் விளம்பரச் சின்னமாகப் பிறந்தவள், பின்னால் கதையே இல்லை. பூனைக் காது, மணி, பணிப்பெண் உடை, பச்சை முடி, ஆன்டெனாபோல் நிற்கும் ஒரு கற்றை.

அட்டையைப் பார்த்துப் புத்தகத்தைக் கையில் எடுக்கும்வரை அசுமா சொல்வது சரி. உள்ளே புரட்டினால் நான் அவருடன் போகமாட்டேன். பூனைக் காது வைத்த பெண் தனியாக நின்றால் அது சுவரொட்டி. அந்தக் காது யாரைப் பார்த்தால் மடிகிறது என்று ஒருவர் வரைகிறபோதுதான் பதினேழு பக்கம் நிரம்புகிறது.

16. ஆம்பளைப் பாத்திரத்தைப் பொண்ணா வரையறது, வாளை மனுஷனா வரையறது, இதெல்லாம் ஒரே வகையா?

இல்லை. முதலாவது 'நியோதாய்கா', இரண்டாவது 'கிஜின்கா'. கிஜின்காவில் பொருளுக்கு ஆள் உருவம் தருகிறார்கள்: 2006இல் வலைப் படக்கதையாகத் தொடங்கிய 'ஹெதாலியா'வில் நாடுகள், மேலே சொன்ன கேமில் கப்பல்கள், 2015இன் 'தோகென் ரன்பு'வில் வாள்கள். வாள் எந்தத் தலைவரிடமிருந்து எந்தத் தலைவருக்குக் கைமாறியது என்ற வரலாறே அங்கே உறவாகிவிடுகிறது. ஒரே எஜமானரிடம் இருந்த இரண்டு வாள்கள் என்றால் ரசிகர்கள் விடுவார்களா?

17. ஒமேகாவெர்ஸ் ஜப்பான்காரங்க கண்டுபிடிச்சதுதானே?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது 2010 வாக்கில் ஆங்கிலத்தில் எழுதும் ரசிகர்களிடம், 'சூப்பர்நேச்சுரல்' என்ற அமெரிக்கத் தொடரைச் சுற்றிப் பிறந்தது. மனிதர்களை ஆல்ஃபா, பீட்டா, ஒமேகா என்று பிரித்து ஓநாய்க் கூட்டம்போல் ஆக்குவது. பிறகு ஜப்பானுக்குப் போய், டோஜின்ஷியில் வேர் விட்டு, கடையில் விற்கும் ஆண்-ஆண் காதல் மாங்காக்களுக்கும் பரவியது. ஜப்பானியக் கதைகளில் 'விதித்த இணை' என்ற பகுதி பெரிதாக வளர்ந்தது. பார்த்த கணமே உடம்பு அறிந்துகொள்ளும் ஜோடி. 6ஆம் பதிலில் சொன்ன இடம்-வலம் வரிசையை உயிரியலாகவே ஆக்கிவிட்ட டெம்ப்ளேட் இது. சிலருக்கு இது ஆறுதல், சிலருக்குப் பூட்டு.

18. "ஜிராய்"னு போட்டு என்னை பிளாக் பண்ணிட்டாங்க. நான் என்ன தப்பு பண்ணேன்?

ஜிராய் என்றால் கண்ணிவெடி. ஒருவரால் படிக்கவே முடியாத ஜோடி அல்லது டெம்ப்ளேட். அவர் உங்களைக் குறை சொல்லவில்லை, தன் கால் எங்கே படக்கூடாது என்று சொல்கிறார். 'கைஷாகு சிகாய்' அதைவிட மென்மையானது: பாத்திரத்தை நாம் இருவரும் வேறு வேறாக வாசிக்கிறோம் என்று பொருள். ஆள் மாறிவிட்டது என்றுகூட இல்லை, "என் மெய்லிங் இப்படிப் பேசமாட்டாள்" என்பதுதான்.

இதற்காகத்தான் புத்தகத்தின் அட்டையிலோ முதல் பக்கத்திலோ முன்னறிவிப்பு இருக்கும்: எந்த ஜோடி, எந்த வரிசை, யாராவது சாகிறார்களா, பாரோவா. மரணம் உண்டு என்றால் 'ஷிநேதா' என்று போடாவிட்டால் வசைதான். முடிவைச் சொல்லிவிட்டால் கதை கெடாதா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் கெடாது, 3ஆம் பதிலை மறுபடி பாருங்கள்.

19. நிஜ நடிகர், பாடகர்களை வச்சும் வரையறாங்களா?

வரைகிறார்கள், அதை 'நாமமோனோ' என்பார்கள், பச்சையான பொருள் என்று அர்த்தம். ஆனால் ஒளித்து வைத்துக்கொள்வார்கள். பெயரைக் குறியீடாக எழுதுவது, தேடினால் கிடைக்காதபடி எழுத்துகளுக்கு நடுவில் கோடு போடுவது, பூட்டிய கணக்கில் மட்டும் பேசுவது. சம்பந்தப்பட்டவர் கண்ணில் பட்டுவிடக்கூடாது என்பது அங்கே முதல் விதி. நீங்கள் எதையாவது கண்டுபிடித்தால் அந்த நடிகரையே இணைத்துப் பதிவிட்டுவிடாதீர்கள், புண்ணியமாகப் போகும்.

20. அடுத்தவங்க பாத்திரத்தை வரைஞ்சு காசுக்கு விக்கிறது சட்டப்படி தப்பில்லையா?

கண்டிப்பாகச் சொன்னால் பல டோஜின்ஷிகள் பதிப்புரிமையை மீறுகின்றன. ஆனால் ஜப்பானில் உரிமையாளர் புகார் கொடுத்தால்தான் வழக்கு. பெரும்பாலானவர்கள் கொடுப்பதில்லை. வருங்கால மாங்காக்காரர்களும் தீவிர வாசகர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். புகழ்பெற்ற மாங்காக் குழுவான 'கிளாம்ப்'பே டோஜின் சர்க்கிளாகத் தொடங்கியதுதான். 2018 டிசம்பர் 30 முதல் சில மீறல்களுக்குப் புகார் இல்லாமலே வழக்குப் போடலாம் என்று சட்டம் மாறியது. ஆனால் மூலத்தை அப்படியே நகலெடுத்து விற்று, உரிமையாளருக்கு அநியாயமாக நஷ்டம் ஏற்படுத்துவது போன்றவைதான் அதில் சிக்கும். மாற்றி வரையும் டோஜின்ஷிகள் பழைய நிலையிலேயே நீடிக்கின்றன.

எல்லை எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு சம்பவம். 'டோரேமான்' தொடரை முடிக்காமலே அதன் ஆசிரியர் இறந்துவிட்டார். ஒருவர் 'கடைசி அத்தியாயம்' என்று தானே ஒன்றை வரைந்து 2005இல் டோஜின்ஷியாகப் போட்டார். கோடு, கட்டம், எழுத்து எல்லாம் மூலத்தை அப்படியே ஒத்திருந்ததால் உண்மையான முடிவு என்றே நம்பியவர்கள் இருந்தார்கள். சுமார் 13,000 பிரதி விற்றது. பதிப்பகம் தலையிட, 2007இல் அவர் மன்னிப்புக் கேட்டு வருமானத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தார். 'எழுதப்படாத கடைசி அத்தியாயம்' டோஜின்ஷியின் பழைய டெம்ப்ளேட்தான். ரசிகர் கையெழுத்து தெரியாத அளவுக்கு நன்றாக வரைந்ததுதான் அவருக்கு வினையானது.

21. ஒரு கதை படிச்சேன். ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டேதான் முடியுது, ஆனா எனக்கு அழுகை வந்துச்சு. இது சோக முடிவா, சந்தோஷ முடிவா?

'மெரிபா'. மெர்ரி பேட் எண்ட் என்பதன் சுருக்கம். கதைக்குள் இருப்பவர்களுக்கு நிறைவு, வெளியே இருப்பவர்களுக்குத் தாங்கவில்லை. ஊர் உலகத்தை எல்லாம் விட்டுவிட்டு இருவர் மட்டும் ஒரு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள், அல்லது ஒருவர் நினைவை இழந்து மற்றவரைப் புதிதாக நேசிக்கத் தொடங்குவார். யாண்டெரே கதைகளில் இது அடிக்கடி வரும், கத்தியே எடுக்காமல்.

கேட்டவர் அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். மேசையில் இரண்டு கோப்பை, இரண்டிலும் ஆவி பறக்கிறது. ஜன்னலுக்குத் திரை போட்டிருக்கிறது. வாசலில் ஒரு ஜோடிச் செருப்புதான்.